ஆஸ்டியோபதி படிக்க விரும்பும் பிள்ளைகளும் நம் கல்வி நிதியும்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக வார்டு ஊழியத்தைப் பற்றியும் சுகம் பெற்றவர்களின் சாட்சிகளைப் பற்றியும் எழுதுவேன். இம்முறை ஒரு படிப்பைப் பற்றி எழுதுகிறேன். நான் அவசரப்பட்டு எழுதிய ஒரு கடிதமே இதற்குக் காரணம்.

நம் மருத்துவமனையைப் பல வருஷங்களாக ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கி வரும் ஒரு கிராமச் சபையிலிருந்து, போன வருஷம் மே மாதம் ஒரு தகப்பனார் தம் மகனோடு என் அறைக்கு வந்தார். தம்பி பிளஸ் டூ முடித்தவன். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஒருவர் இங்கிலாந்தில் ஆஸ்டியோபதி என்று ஒரு படிப்பு இருப்பதாகவும், நாலே வருஷத்தில் டாக்டராகத் திரும்பி வந்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஒன்றரை ஏக்கர் தோட்டத்தை அடமானம் வைக்கத் தகப்பனார் தயார். மீதிக்குச் சபையின் கல்வி நிதியைக் கேட்டிருந்தார்கள். அதற்கு என்னிடமிருந்து ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும்.

நான் எழுதினேன். "இந்தத் தம்பி டாக்டராகி மிஷன் மருத்துவமனையில் ஊழியம் செய்ய வாஞ்சிக்கிறார்" என்று இரண்டு பத்தி. கடிதம் அலுவலகத்தில் டைப் ஆகிக்கொண்டிருந்தபோது நம் எலும்பு மருத்துவர் அங்கே வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, இது எந்த நாட்டு ஆஸ்டியோபதி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எலும்பு முறிவு மருத்துவமாகிய ஆர்த்தோபீடிக்ஸும் ஆஸ்டியோபதியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதற்குப் பின் டாக்டர்களிடம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதேபோன்ற விண்ணப்பங்கள் உங்கள் சபைக் கமிட்டிகளுக்கும் வரக்கூடும்.

முதலில் இதன் தொடக்கம். அது ஒரு மிஷனெரி வீட்டில்தான் இருக்கிறது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1828-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் ஏப்ரகாம் ஸ்டில் ஒரு மெதடிஸ்ட் பிரசங்கியார். ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பிரசங்கித்தவர், வைத்தியமும் பார்த்தவர். பின்பு கான்சாஸ் பகுதியில் ஷானி என்ற செவ்விந்திய மக்களிடையே மிஷன் ஊழியம் செய்தார். மகனும் அங்கே தகப்பனாரோடிருந்து நோயாளிகளைப் பார்த்து வைத்தியம் கற்றார். அந்தக் காலத்து வைத்தியம் என்றால் பாதரச மருந்து, பேதிக்குக் கொடுப்பது, இரத்தம் வடிப்பது. 1864-ல் மூளைக்காய்ச்சல் வந்து ஸ்டில்லின் பிள்ளைகளில் மூன்று பேர் இறந்துபோனார்கள். டாக்டர்கள் வந்தார்கள், போதகர்களும் வந்தார்கள், பிள்ளைகள் பிழைக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்மாரோடு எத்தனையோ இரவு இந்த வராந்தாவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மனிதர் பழைய மருந்துகள்மேல் நம்பிக்கை இழந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

உடம்பின் எலும்புச் சட்டம், தசை, நரம்பு, இரத்த ஓட்டம் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. அவற்றின் அசைவைக் கையால் சரிசெய்தால் உடம்பு தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பது அவர் கண்ட கொள்கை. 1874-ல் அதை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார். கான்சாஸிலுள்ள மெதடிஸ்ட் பல்கலைக்கழகமான பேக்கர், அவர் குடும்பமே உதவி செய்து எழுந்தது. அங்கேயே அவர் பேச இடம் தரவில்லை. கை வைத்துக் குணமாக்குவதாவது, இது தேவதூஷணம் அல்லவா என்று சபையாரில் சிலர் சொன்னார்களாம். கடைசியில் 1892-ல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் தம் பள்ளியை ஆரம்பித்தார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்தார்; அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் அல்ல.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் எழுதவில்லை. தொற்று நோய்களையும் கையாலேயே தீர்த்துவிடலாம் என்று அவர் நம்பியது தவறு. பாதரசத்தை ஒதுக்கியதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. எல்லா மருந்தையும் ஒதுக்கியதில் இல்லை. 1917-ல் அவர் காலமானார். அதற்குப் பின் அவருடைய வழிவந்த அமெரிக்கக் கல்லூரிகள் மருந்தியலையும் மற்ற மருத்துவப் பாடங்களையும் முழுமையாக ஏற்றுக்கொண்டன.

இந்த இடத்தில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது. நம் டாக்டர் கேட்ட கேள்விக்குப் பொருளும் இதுதான்.

அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் படித்தவர் டி.ஓ. என்ற பட்டம் பெறுகிறார். அவர் முழு மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், எம்.டி. பட்டம் பெற்றவர் செய்யும் எதையும் செய்யலாம். இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1896-ல் வெர்மான்ட் மாநிலம் முதலில் சட்ட அனுமதி கொடுத்தது. இராணுவத்தில் மற்ற டாக்டர்களுக்குச் சமமாக இவர்களைச் சேர்க்க 1966-ல்தான் ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கு அந்த நாட்டு மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் டி.ஓ. கல்லூரிகளில் படிக்கிறார்கள். வட கரோலினாவில் பாப்டிஸ்ட் மரபில் வந்த கேம்பெல் பல்கலைக்கழகமும் இண்டியானாபொலிஸில் கத்தோலிக்கரின் மரியன் பல்கலைக்கழகமும் 2013-ல் இத்தகைய கல்லூரிகளைத் திறந்தன.

ஆனால் பிளஸ் டூ முடித்தவுடன் அங்கே போய்ச் சேர முடியாது. முதலில் நாலு வருஷப் பட்டப்படிப்பு. அதில் உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் இருக்க வேண்டும். பிறகு எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு. பிறகு நாலு வருஷம் டி.ஓ. படிப்பு. மற்ற மருத்துவ மாணவர்கள் படிப்பதையெல்லாம் படித்து, அதற்கு மேல் கையால் தொட்டுச் சிகிச்சை செய்யும் பயிற்சி சுமார் இருநூறு மணி நேரம். காம்லெக்ஸ் என்ற உரிமத் தேர்வைப் பல கட்டங்களாக எழுத வேண்டும். முடித்த பிறகு மருத்துவமனைகளில் மூன்று முதல் ஏழு வருஷம் பயிற்சி. கூட்டிப் பாருங்கள், பதினொரு வருஷத்துக்குக் குறையாது. வெளிநாட்டு மாணவரை எல்லாக் கல்லூரிகளும் சேர்ப்பதும் இல்லை.

இங்கிலாந்து வேறு கதை. அங்கே இதைக் கொண்டுவந்தவர் ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கிளாஸ்கோவில் இறையியல் படித்துப் போதகராயிருந்தவர். (செமினரியில் படித்த என் கூட்டத்தார் ஒருவர் இங்கே வருகிறாரே என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.) கிர்க்ஸ்வில்லுக்குப் போய் ஸ்டில்லிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். 1917-ல் லண்டனில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆனால் இங்கிலாந்தில் இந்தத் தொழில் மருத்துவக் கல்லூரிகளோடு சேரவில்லை; தனியாகவே வளர்ந்தது. வெகுகாலம் யார் வேண்டுமானாலும் ஆஸ்டியோபதி என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை. 1993-ல்தான் பாராளுமன்றம் சட்டம் இயற்றி ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சில் என்ற பொது அமைப்பை உண்டாக்கியது. 1998-ல் பதிவேடு திறந்தார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தம்மை ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்வது அங்கே குற்றம்.

அங்கே படிப்பு முழுநேரமாக நாலு வருஷம், அதற்கு எம்.ஆஸ்ட். என்று பெயர். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இன்னும் கூடுதல் காலம். எந்தக் கல்லூரியின் பட்டம் செல்லும் என்பதற்கு அந்தக் கவுன்சில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இல்லாத கல்லூரியில் படித்தால் பதிவு கிடைக்காது. மாணவர் குறைந்தது ஆயிரம் மணி நேரம் ஆசிரியரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்ட அளவுகோலும் அதுவே: மொத்தம் 4,200 மணி நேரம், அதில் மேற்பார்வையில் சிகிச்சை ஆயிரம். நன்னடத்தைக்கும் உடல் நலத்துக்கும் சான்று, தொழில் காப்பீடு எல்லாம் கொடுத்த பிறகே பெயர் ஏறும். ஏறிய பின்பும் மூன்று வருஷத்துக்கு 90 மணி நேரம் தொடர்ந்து கற்றுக் கணக்குக் காட்ட வேண்டும். போதகர்களுக்கு இப்படி ஒரு விதி வைத்தால் எங்களில் எத்தனை பேர் தேறுவோமோ!

இவ்வளவும் முடித்தவர் அங்கே மதிப்புள்ள தொழிலாளி. ஆனால் எம்.பி.பி.எஸ். டாக்டர் அல்ல. மருந்துச் சீட்டு எழுதும் அதிகாரம் கிடையாது, அறுவை கிடையாது. பெரும்பாலோர் சொந்தமாக அறை எடுத்துத் தொழில் செய்கிறார்கள். படித்து முடித்ததும் மாதச் சம்பளம் காத்துக்கொண்டிருக்கிறது என்பதும் இல்லை. "நாலு வருஷத்தில் டாக்டர்" என்று அந்தத் தகப்பனாரிடம் சொன்னவர், அமெரிக்காவின் பட்டத்தையும் இங்கிலாந்தின் நாலு வருஷத்தையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஆயிரம் மணி நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊரில் சுளுக்கு வழிக்கிறவரும், வர்ம ஆசானும், புத்தூர்க் கட்டுக் கட்டுகிறவரும் இருக்கிறார்களே, முதுகைப் பிடித்துவிட நாலு வருஷமா என்று என் சொந்தத் தம்பியே கேட்டான்.

முதல் வருஷத்தில் மாணவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தொட்டுப் படிக்கிறார்கள். செமினரியில் பிரசங்க வகுப்பில் நாங்கள் ஒருவருக்கொருவர் பிரசங்கித்துப் பழகினதுபோல. கண்ணை மூடிக்கொண்டு விரலால் முள்ளெலும்புகளை எண்ண வேண்டும். தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ஏழாவது கழுத்தெலும்பு. இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்புகளையும் நேர்கோட்டில் இணைத்தால் அது ஏறக்குறைய நாலாவது இடுப்பு முள்ளெலும்பில் வரும். தசை இறுகியிருப்பதற்கும் வீங்கியிருப்பதற்கும், மூட்டு விறைத்திருப்பதற்கும் தளர்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரிய வேண்டும். புத்தகம் படித்து அது வராது.

முதுகைத் திருப்பும்போது "டக்" என்று ஒரு சத்தம் வருகிறதல்லவா? விலகின எலும்பு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்று நாம் சந்தோஷப்படுவோம். அது அப்படியல்ல. மூட்டுக்குள் இருக்கும் நீரில் வாயுக் குமிழி உண்டாவதால் வரும் சத்தம் அது. இந்தச் சிகிச்சைக்கு இருக்கும் பலனையும் மிகைப்படுத்தக் கூடாது. இடுப்பு வலிக்குக் கைச்சிகிச்சை செய்வதானால் உடற்பயிற்சியோடு சேர்த்தே செய்ய வேண்டும், தனியாக அல்ல என்று இங்கிலாந்தின் நைஸ் என்ற அரசு நிறுவனம் 2016-ல் வழிகாட்டியிருக்கிறது. கழுத்தை வேகமாகத் திருப்பினால் அரிதாக மூளைக்குப் போகும் இரத்தக் குழாயே கிழியலாம்.

படிப்பின் மிக முக்கியமான பகுதி வேறொன்று. எந்த முதுகைத் தொடக் கூடாது என்பது. இராத்திரியில் படுத்தாலும் குறையாத வலி, காரணமில்லாமல் எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், முன்பு புற்றுநோய் வந்தவர், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கையை எடுத்துவிட்டு நோயாளியை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். தேர்வில் இதில் தவறினால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மன்னிப்பு இல்லை என்று சொல்கிறார்கள்.

இதை நான் வாசித்தபோது பெண்கள் வார்டில் இருந்த ஒரு தாயின் முகம் நினைவுக்கு வந்தது. பீடி சுற்றிப் பிழைக்கிறவர். காலையிலிருந்து குனிந்தபடியே வேலை. முதுகு வலித்தது. பீடி சுற்றுகிற யாருக்குத்தான் வலிக்காது? பக்கத்து டவுனில் சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் மாட்டியிருந்த ஒருவரிடம் போனார். வாரக் கடைசிகளில் நடத்தும் சில நாள் வகுப்பில் வாங்கிய சான்றிதழ் அது. அவர் அமுக்கினார், திருப்பினார், எண்ணெய் கொடுத்தார், வாராவாரம் வரச் சொன்னார். நாலு மாதம். சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வந்துகொண்டுதான் இருந்தது. சேலைக்கு ஊக்கு குத்த வேண்டிய அளவுக்கு உடம்பு இளைத்திருந்தது. கால்கள் மரத்துப்போன பிறகே நம் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது முதுகெலும்பில் காசநோய்.

அமுக்கியதால்தான் கால் போயிற்று என்று நம் டாக்டர்கள் சொல்லவில்லை. நோயே அதைச் செய்யக்கூடியது. ஆனால் அந்த நாலு மாதம் போனது போனதுதான். அறுவை செய்து, ஒரு வருஷத்துக்கும் மேலாக மாத்திரை கொடுத்தார்கள். பதினெட்டு வருஷம் நிமிர முடியாமல் இருந்த பெண்ணை ஆண்டவர் நிமிர்த்திய சம்பவத்தை லூக்கா எழுதியிருக்கிறாரே, அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுவார். வாசித்துவிட்டு வார்டை விட்டு வெளியே வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். இப்போது அந்தத் தாய் கம்பு ஊன்றி ஆலயத்துக்கு வருகிறார்.

நம் நாட்டு நிலையையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் இருப்பதுபோல ஆஸ்டியோபதிக்கென்று தனிச் சட்டமும் தனிப் பதிவேடும் இந்தியாவில் இல்லை. ஒடிசாவில் கட்டக் அருகே ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம் இதைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. மற்றபடி சில நாள், சில வார வகுப்புகளே அதிகம் கண்ணில் படுகின்றன. பிசியோதெரபியின் நிலை வேறு. 2021-ல் பாராளுமன்றம் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக ஒரு தேசிய ஆணையச் சட்டம் இயற்றியது; அதன் அட்டவணையில் பிசியோதெரபி தெளிவாக இருக்கிறது. படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாலரை வருஷத்துக்குக் குறையாது. மிஷன் மருத்துவமனைகளுக்கு இது புதிதும் அல்ல. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கின விரல்களை அறுவை செய்து விரித்தார். அந்த விரல்களை மறுபடியும் சோறு பிசைய வைத்தது பிசியோதெரபிஸ்டுகளின் மாதக்கணக்கான உழைப்பு. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார்.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. ஏற்கெனவே மருத்துவத் துறையில் முறையாகப் படித்தவர்கள் ஆஸ்டியோபதி கற்பதற்கென்று குறுகிய பாதை ஒன்றையும் உலக சுகாதார நிறுவனத்தின் அதே அளவுகோல் வகுத்திருக்கிறது: அதற்கு ஆயிரம் மணி நேரம். பிசியோதெரபி முடித்து, நாலைந்து வருஷம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, அப்போதும் வாஞ்சை இருந்தால் அந்தப் பக்கம் போகலாம். தோட்டத்தை அடமானம் வைத்துப் பதினெட்டு வயதில் கப்பல் ஏற வேண்டியதில்லை.

அந்தத் தகப்பனாரை மறுபடியும் வரச் சொல்லி இதையெல்லாம் விளக்கினேன். முதலில் அவருக்குக் கோபம். "ஐயா, நீங்களே எழுதித் தாரேன்னு சொல்லிட்டு இப்போ மாத்திப் பேசுறீங்களே" என்றார். சொன்னது உண்மை, மன்னிப்புக் கேட்டேன். நம் எலும்பு மருத்துவர் தம்பியைப் பிசியோதெரபிப் பிரிவுக்கு அழைத்துப் போய் ஒரு முழு நாள் உட்கார வைத்தார். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் மூன்று வாரம் கழித்து முதல் தடவையாகக் கட்டிலை விட்டு எழுந்து நின்றது அந்த நாளில்தான். சாயங்காலம் தம்பி என் அறைக்கு வந்து, வேறெதையும் பேசாமல், பி.பி.டி. படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன என்று கேட்டான்.

இப்போது முதல் வருஷம் படிக்கிறான். சபைக் கமிட்டி கல்வி நிதியிலிருந்து விடுதிக் கட்டணத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. தோட்டம் அவர்கள் கையிலேயே இருக்கிறது.

உங்கள் சபைப் பிள்ளைகள் யாராவது இந்தப் படிப்புக்கு உதவி கேட்டு வந்தால், பணம் கட்டும் முன் கல்லூரியின் பெயரையும், எந்த நாடு, எந்தப் பட்டம், எந்தக் கவுன்சிலின் பதிவு என்பதையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நம் டாக்டர்களிடம் காட்டிப் பதில் எழுதுகிறேன். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தபோது தம்பி என்னைத் தலை குனியச் சொல்லிப் பின்கழுத்தில் விரல் வைத்தான். ஏழாவது எலும்பு என்று ஒன்றைக் காட்டினான். நம் எலும்பு மருத்துவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஒன்று கீழே தள்ளிப் போய்விட்டாய், மறுபடியும் எண்ணு" என்றார்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்